வல்லயத்தைக் கொடுத்தது யார்?

ரிட்டயர் ஆகும்வரை நான் பிசிக்ஸ் டீச்சர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆக இரண்டு பக்கமும் பேய்க்கு இடம் கிடையாது. யாராவது ஆவி, அருள் என்று ஆரம்பித்தால் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

எங்களுக்குப் பூர்வீகம் இளையரசனேந்தல் பக்கம். அங்கே குடும்பத்துக்கு ஒரு சுடலைமாடன் கோயில் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கிளை கிறிஸ்தவ வேதத்துக்கு வந்துவிட்டது, அதில் வந்தவள் நான். இன்னொரு கிளை மாடனோடேயே இருக்கிறது, அங்கே இப்போது சாமியாடி சுடலைமுத்து அண்ணன். மாடன் கையிலிருந்த வல்லயம், அதாவது மணி கட்டிய பெரிய ஈட்டி, அந்தக் காலத்துப் பாதிரியாரோடு கப்பலேறிப் போய்விட்டது. பறித்துக்கொண்டு போனார்கள் என்று அண்ணன் வீட்டில் சொல்வார்கள். மனசாரக் கொடுத்தோம் என்று என் அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். இந்தப் பேச்சை எடுத்தாலே கல்யாண வீட்டில்கூட இலை பாதியில் மடங்கும்.

மாடனே கேட்காமல் வேறு வல்லயம் செய்யக்கூடாதாம். அதனால் கொடைத் திருவிழாவில் அண்ணன் வெறுங்கையை மூடிக்கொண்டு, பிடித்திருப்பது போலவே ஆடுவார். கூட்டமும் அந்த இல்லாத ஈட்டியின் நீளத்துக்கு ஒதுங்கி நிற்கும். வேடிக்கை பார்க்கப் போன நானும் ஒதுங்கியிருக்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

என் மகள் ஜெனி லண்டனில் நர்ஸ். அங்கே ஒரு மியூசியத்தில் எங்கள் ஊர்ப் பெயரோடு அந்த வல்லயத்தைப் பார்த்துவிட்டாள். பொறுப்பில் இருந்த வெள்ளைக்கார அம்மா நல்ல மாதிரி. பறித்ததுதான் என்று இரண்டு கிளையும் வாயால் சொன்னால், திருப்பி அனுப்பச் சொல்லி மேலிடத்தில் பேசுகிறேன் என்றாராம். வீடியோ காலில் கேட்பதாக ஏற்பாடு.

அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரையில் கால்விரல் ஒன்றும் போய்விட்டது. ஒரே ஒரு கொடைக்காவது அதைப் பிடித்து ஆடிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. செத்துப்போன அப்பாவின் பெருமைக்காக அதை நான் கெடுப்பேனா? பறித்தார்கள் என்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஆடித்தபசுத் திருவிழா சமயம். பஸ்ஸில் நசுங்கி மதியம் அண்ணன் என் வீடு வந்து சேர்ந்தார்.

“ஏட்டி கிருபா, நீ மாத்திச் சொல்லிர மாட்டியே?”

“மாட்டேன்ணே. அது ஒங்க கைக்கு வரணும்னுதான் நானும் ஜெபம் பண்ணுதேன்.”

வீடியோ காலில் ஜெனி மியூசியத்திலிருந்து போனைத் திருப்பிக் காட்டினாள். மேஜைமேல் வெள்ளைத் துணியில் வல்லயம் படுத்திருந்தது. அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். வலது கை தானாக மூடிக்கொண்டது. அந்த அம்மா கேட்டதை ஜெனி எங்களுக்குச் சொன்னாள்.

“அம்மா, மாமா, இது பறிச்சதா, குடுத்ததா?”

அண்ணன் வாய் திறந்தது. நம்பினால் நம்புங்கள், வந்தது பெண் குரல்.

“குடுத்தது நாந்தான். அவிய ஊர்ல இல்ல. புள்ளைக்கு வாந்திபேதி. மருந்தக் கையில வச்சுக்கிட்டு வல்லயத்தக் கேட்டாவ. எடுத்துக் குடுத்தேன். புள்ள பொழச்சிட்டு.”

அந்தக் காலத்துப் பெண்கள் புருஷனை ‘அவிய’ என்பார்கள். பெண்கள் அந்த வல்லயத்தைத் தொடவே கூடாது என்பது கோயில் வழக்கம். ஒரு பெண் எடுத்துக் கொடுத்திருப்பாள் என்று இரண்டு கிளையிலும் யாருக்கும் தோன்றியதே இல்லை. எங்கள் கிளையில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் சிறுவயதில் பாதிரியார் மருந்தால் பிழைத்தவர் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அந்த மருந்துக்கு என்ன கேட்டார்கள் என்று மட்டும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளை பிழைக்காவிட்டால் நான் ஏது?

ஜெனி பதற்றத்தில் ‘கொடுத்தோம்’ என்பதை மட்டும் இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். மிச்சத்தைப் பிறகு எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். குடும்பத்தாரே கொடுத்ததாகச் சொல்லியாயிற்று என்று மேலிடத்தில் முடித்துவிட்டார்கள். சாகக் கிடக்கும் பிள்ளையைக் காட்டி வாங்கியதைக் கொடுத்தது என்று எப்படிச் சொல்வது? இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அன்று போனை வைத்ததும் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

“இப்பிடிச் சொல்லிட்டியே தாயி. நம்பித்தான வந்தேன்.”

“நானா? நீங்கதானண்ணே பேசுனீங்க!”

ஊற்றி வைத்திருந்த காப்பியைத் தொடாமல் அண்ணன் எழுந்து போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை. இந்த வருடக் கொடைக்கு எனக்குச் சொல்லிவிடவும் இல்லை.

ஜெனியிடம் சொல்லி அழுதேன்.

“அம்மா, மாமா வாயே தொறக்கலம்மா. நீங்கதான் பேசுனீங்க. ‘அவிய’, ‘கேட்டாவ’ன்னுலாம் நீங்க பேசி நான் கேட்டதே இல்லையேன்னுதான் எனக்குப் பயமாப் போச்சு.”

அண்ணன் உதடு அசைந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அன்று சாயங்காலம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, சரியாக ஒரு வாரம் பிடித்தது. முன்பெல்லாம் சர்ச்சில் என் ஜெபம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். இப்போது வாய்க்குள்ளேயே முடித்துக்கொள்கிறேன். சத்தமாக ஆரம்பித்தால் யார் குரல் வருமோ என்று பயமாக இருக்கிறது.