பைனஸ் பால்

மார்ச் மாதம், அபுதாபியின் முசஃபா தொழிற்பேட்டை. எங்கள் காருக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்கள். நிழல் என்று இருப்பது இயந்திரம் வந்திறங்கிய ஒரு பெரிய பைன் மரப்பெட்டியின் நிழல்தான். அங்கே போய் நிற்கிறேன். இந்த வருஷத்து வெயில் இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது. பலகைக் கணுக்களில் தேன் நிறத்தில் பிசின் கசிகிறது. அதைக் கத்தியால் சுரண்டிப் பால்பவுடர் டின்னில் சேர்க்கிறார் பக்கத்துப் பட்டறை லோகநாதன். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர்.

“பைனஸ் பால், அக்கா. குளிர் விட்ட பொறகுதான் இப்பிடி வடியும். தேங்கா எண்ணெயில போட்டுக் காய்ச்சினா கால் வெடிப்புக்கு நல்லா கேக்கும்.”

“உங்களுக்கா?”

“எங்க ரூம்ல கூட இருக்கிற பாய்க்கு. பாகிஸ்தான் மலைக்காரரு, வெல்டர். ஆனா அவரு எங்க பூசுறாரு? டின்னைத் தொறந்து மோந்துகிட்டே இருப்பாரு. ‘இது எங்க மலை மரம்’னு தெனமும் சண்டை. எங்க அட்டன் பைனஸ் காட்டு வாசம்னு நான் சொன்னா ஒத்துக்கவே மாட்டாரு.”

பலகையில் கொட்டை எழுத்தில் ‘பின்லாந்து’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டுகிறேன்.

“தெரியும், அக்கா. பாய்கிட்ட சொல்லிறாதீங்க.”

சாப்பாட்டு நேரம். பாய் குதிகாலை ஊன்றாமல் நடந்து வருகிறார். லோகநாதன் அவசரமாக ஒரு சாக்கை எடுத்து அந்த எழுத்தின்மேல் தொங்கவிடுகிறார். நான் நிற்கும் பக்கத்திலும் அதே எழுத்து இருக்கிறது. நகர்ந்து அதன்மேல் சாய்ந்துகொள்கிறேன். புதுச் சுடிதாரில் பிசின் ஒட்டுகிறது. ஒட்டட்டும்.