மூக்கண்ணன் சொன்ன பதில்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. வேலை செய்த இடங்களிலெல்லாம் அவர் மூக்கண்ணன்தான். மூக்கு பெரிதாக இருந்து வந்த பட்டம் இல்லை. பார்க்கப்போனால் அந்த அகல முகத்துக்கு அது கொஞ்சம் சின்ன மூக்கு. அது பார்த்த வேலைதான் பெரிது.

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தைப் பார்த்த மாதிரி மரப்பலகையில் தளம் போட்டிருப்பார்களே, டெக் என்று சொல்வது, அதைப் புதுப்பித்துக் கொடுப்பதுதான் அண்ணன் தம்பி இரண்டு பேரின் தொழில். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்துச் சாம்பல் பூத்துப்போன பலகையைக் கழுவிக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிறம் கலந்த எண்ணெயைப் பூசி, ஊறாமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்து எடுப்பார்கள். வேலை பிடிப்பது, வண்டி ஓட்டுவது, வீட்டுக்காரர்களிடம் பேசுவது எல்லாம் தம்பி. பலகையைப் பார்த்துச் சொல்வது அண்ணன். பார்த்து என்றா சொன்னேன்? முகர்ந்து.

மண்டி போட்டு, குனிந்து, பலகை இடுக்கில் மூக்கை வைப்பார். "இது உள்ளுக்குள்ள ஊறிப்போயிருக்கு, மாத்திடுங்க" என்பார். வீட்டுக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். பலகையைப் பெயர்த்துத் திருப்பினால் அடிப்பக்கம் பஞ்சாகக் கிடக்கும். தம்பிக்குப் பெருமை தாங்காது. "எங்க அண்ணன் மூக்குக்கு ஏமாத்து வேலையெல்லாம் நடக்காதுங்க" என்று போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடிப்பான்.

அந்த மூக்குதான் செத்துப்போனது. மூடின அறைகளில் நிறம் கலக்கும்போது, எண்ணெயைக் கரைக்கிற தின்னரின் ஆவியைக் குடித்துக் குடித்து, மரத்தூளை இழுத்து இழுத்து, ஒரேயடியாக அடங்கிவிட்டது. முகமூடி போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். ஆனால் நாலு பேர் மெச்சுகிற மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்ய யாருக்கு மனசு வரும்? தம்பி வாங்கிக் கொடுத்த முகமூடியை இறக்கித் தாடையில் மாட்டிக்கொண்டே வருஷக்கணக்கில் வேலை பார்த்தார். தாடைக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

முதலில் சளி என்று நினைத்தார். ஆவி பிடித்தார், மாத்திரை போட்டார். கடைசியில் ஒரு டாக்டர், நரம்பு போய்விட்டது, திரும்ப வராது என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார். மூக்கண்ணன் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மறுநாள் வேலைக்குப் போனார்.

அவர் பயந்தது தம்பிக்கு. தம்பி நல்லவன்தான், அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவன்தான். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஈவு இரக்கம் பார்க்கமாட்டான். கூடவே இருந்த தச்சர் ஒருவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும், அறுக்கிற மெஷினை அவர் கையிலிருந்து மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு, "நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு தச்சர் வீட்டு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எந்தப் பிழைப்பும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட இந்தப் பொய்யோடு இருந்துவிடலாம் என்று முடிவுசெய்தார்.

நடிக்கக் கற்றுக்கொண்டார். பழையபடி மண்டி போட்டுக் குனிவார். மூக்கு பலகையிடம் இருக்கும், கை மறைவில் ஸ்குரூ டிரைவரால் மெல்லக் குத்திப் பார்ப்பார். எந்த டப்பாவில் தின்னர், எதில் எண்ணெய் என்பதை விரலில் தொட்டுத் தேய்த்துக் கண்டுபிடிப்பார். பூச்சு காய்ந்ததா என்பதைப் புறங்கை சொல்லும். ஒருவரும் சந்தேகப்படவில்லை. மனைவி மட்டும் கண்டுபிடித்தாள். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடு முழுக்கக் கருகல் நாற்றமாக இருக்க, கூடத்தில் உட்கார்ந்து அவர் நிம்மதியாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியலையா உங்களுக்கு?" என்றாள். அவர் தலை குனிந்துகொண்டார். அவள் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "தம்பிகிட்ட சொல்லிடுங்க. இது விளையாட்டு இல்ல."

"சொல்றேன், சொல்றேன்" என்று சொல்லியே நாளைக் கடத்தினார்.

அந்த வீட்டு டெக் பெரியது. பக்கத்திலேயே மரச் சாமான் வைக்கிற ஷெட் ஒன்று. காலையிலிருந்து இருவரும் பாதித் தளத்துக்கு எண்ணெய் பூசித் துடைத்திருந்தார்கள். துடைத்த துணிகளை வேலிமேல் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தூக்கத்தில்கூட மறக்காத விஷயம் அது. எண்ணெய் ஊறின துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால், நெருப்பே காட்டாமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கிப் போட வேண்டும்.

மத்தியானம் திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பூச்சு இன்னும் ஈரம். தம்பி வேலியிலிருந்த துணிகளை அள்ளி ஒரு சாக்கில் திணித்து ஷெட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினான்.

"அண்ணா, இருக்கிற தார்ப்பாய் பாதிக்குத்தான் வரும். நான் போய் இன்னொண்ணு எடுத்துட்டு வந்துடறேன். இதை விரிச்சு முடிச்சதும் அந்தத் துணியைத் தண்ணில முக்கிடு. அதுவரைக்கும் மூக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும்."

"போடா, போயிட்டு வா. எனக்குச் சொல்றியா நீ?" என்றார் மூக்கண்ணன்.

சொல்லியிருக்கலாம் அப்போதாவது. சொல்லவில்லை. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

முக்கிவிடுவதாகத்தான் இருந்தார். அதற்குள் தூறல் விழுந்தது. தார்ப்பாய்க்கு வெளியே நின்ற பலகையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து நின்றது. அப்படியே விட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிடும், காலையிலிருந்து செய்த வேலை வீண். காய்ந்த துணியை எடுத்து ஒவ்வொரு சொட்டாக ஒற்ற ஆரம்பித்தார். சாக்கு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அவர் மனசில் அவசரம் இல்லை. எத்தனையோ வருஷமாக அப்படித்தான்: துணி சூடேறினால் முதலில் ஒரு காரமான எண்ணெய்க் கருகல் வரும், அது வந்த பிறகும் எழுந்துபோய்த் தண்ணீர் ஊற்ற நேரம் இருக்கும். மூக்கு போய்விட்டது என்பது அவருக்குத் தெரியும். மூக்கை நம்பி மெத்தனமாக இருக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

தூறல் நின்றது. தம்பியை இன்னும் காணோம். பக்கத்து வீட்டு அம்மா துணி உலர்த்த வந்தவள் மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஏதோ கருகுற மாதிரி வாசனை வருதே?"

டெக் வேலை நடக்கிற இடத்தில் அக்கம்பக்கத்தார் கேட்காமல் விடுகிற கேள்வியா இது? தலைவலிக்கிறதுங்க, குழந்தைக்கு ஆகாதுங்க, என்ன நாற்றம் இது என்று தினம் ஒருவர் கேட்பார். அதற்கு அவர் வாயில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எண்ணெய் வாசனைம்மா அது. ரெண்டு நாள்ல போயிடும்" என்றார் சிரித்துக்கொண்டே.

"அப்படியா? சரி" என்று அந்த அம்மா உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். மூக்கண்ணன் அடுத்த சொட்டை ஒற்றினார்.

தம்பி வண்டியை நிறுத்திய இடத்திலேயே கத்தினான். "அண்ணா! என்ன நாத்தம் இது?" தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். ஷெட்டுக் கதவை அவன் இழுத்துத் திறந்த பிறகுதான் மூக்கண்ணன் புகையைப் பார்த்தார். காற்று உள்ளே போனதும் சாக்கு குப்பென்று பிடித்தது. பக்கத்திலேயே தின்னர் டப்பாக்கள். தம்பி யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை. எரிகிற சாக்கை இரண்டு கையாலும் அள்ளி வெளியே இழுத்தான். காலையிலிருந்து எண்ணெயில் ஊறின கை, எண்ணெய் பட்ட சட்டை. தோட்டத்து நடுவில் சாக்கை எறிந்தான். கையிலிருந்த நெருப்பை எறிய முடியவில்லை.

மூக்கண்ணன் ஈரத் தார்ப்பாயைப் பலகையிலிருந்து பிடுங்கி அவன்மேல் போட்டு உருட்டினார். உயிர் பிழைத்தது அதனால்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எல்லாரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். தம்பி மனைவி அவர் காலில் விழாத குறையாக அழுதாள். "நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் மாமா!" அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு எவ்வளவு கல் நெஞ்சு வேண்டும்! நின்றார்.

முகத்தில் பட்டது ஆறிவிடும் என்றார்கள். கைதான் போய்விட்டது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மடங்கின மேனிக்கே இறுகிவிட்டன. பிரித்து வைத்தாலும் பிரஷ் பிடிக்கிற கை இனி வராது. தம்பி கட்டிலில் சாய்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடினான்.

"என் புத்தியைத்தான் செருப்பால அடிக்கணும். துணியைச் சுருட்டிச் சாக்குல போட்டது நான். அண்ணன் தனியா மழையோட மல்லுக்கட்டிட்டு இருந்தான், பாவம், அவன் எதைன்னு பார்ப்பான்?"

மூக்கண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கேட்பாள்: "சொன்னீங்களா?" அவர் குனிந்து செருப்பைக் கழற்றுவார். அவள் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். கூட உட்கார்ந்து சாப்பிடுவதை அவள் நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா ஒரு பையில் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நல்ல மனசுக்காரி. கட்டுப்போட்ட கைகளைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. தம்பி மனைவி அப்போது கணவனுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மனசே ஆறலை தம்பி. அன்னைக்கு எனக்கு நல்லாவே தெரிஞ்சுது, கருகுற வாசனை. இவர்கிட்ட கேட்டேன். எண்ணெய் வாசனைன்னு சொன்னாரு. தொழில் பண்றவரே சொல்றாரேன்னு நானும் உள்ள போயிட்டேன்."

தம்பி மனைவியின் கை நின்றது. தம்பி மட்டும் தலையை ஆட்டினான்.

"இல்லம்மா. நீங்க கேட்டப்போ அது எண்ணெய் வாசனையாத்தான் இருந்திருக்கும். அப்புறமாத்தான் பிடிச்சிருக்கும். எங்க அண்ணன் மூக்கைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால் மூக்கண்ணன் அன்றைக்கும் பூசி மெழுகியிருப்பார். இல்லை. கருகிய முகத்தில் அந்தப் பழைய பெருமை அப்படியே இருந்தது. மூக்கண்ணனுக்கு அதற்குமேல் முடியவில்லை.

"எனக்கு வாசனை தெரியாதுடா" என்றார். "அன்னைக்கு மட்டும் இல்ல. ரொம்ப நாளாவே எதுவும் தெரியாது."

பக்கத்து வீட்டு அம்மா பழப் பையை மெல்லக் கட்டிலடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். தம்பி அண்ணனையே பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று தேடின மாதிரி இருந்தது.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டர்?"

"அவருக்கும் தெரியும்."

"அப்ப எனக்குத்தான் தெரியாது." கட்டுப்போட்ட தன் கைகளைப் பார்த்தான். "எங்கிட்ட சொன்னா வேலையை விட்டு நிறுத்திடுவேன்னு பயந்தியா?"

மூக்கண்ணன் ஆமாம் என்று தலையை அசைத்தார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து சட்டையில் விழுந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நிறுத்தத்தான் செஞ்சிருப்பேன்" என்றான் தம்பி. "சத்தியமா நிறுத்தியிருப்பேன். வீட்ல இருன்னு சொல்லியிருப்பேன். காலைல வேலைக்குப் போறப்ப உன் வாசல்ல வண்டியை நிறுத்தி, அண்ணி கையால ஒரு டீ குடிச்சிட்டுப் போயிருப்பேன். ஒரு மாசம் எங்கூடப் பேசியிருக்க மாட்டே. அப்புறம் பேசியிருப்பே. அவ்வளவுதானே அண்ணா நடந்திருக்கும்?"

தம்பி மனைவி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. மூக்கண்ணன் எழுந்து அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, தம்பியின் கழுத்துக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கி, வாயருகே கொண்டுபோனார்.

தம்பி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். பிறகு முகத்தை மனைவி பக்கம் திருப்பினான்.

"நீ வந்து குடு" என்றான்.