பதினைந்து செ.மீ. சங்குசக்கரம்

அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியும் என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். நம்பித்தான் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி அலுவலகத்தில் நாற்பது வருடம் இருந்தவன் நான். எம்.ஏ. படித்தவன் என்பதால் ஓய்வு பெற்ற பிறகும் விலைப்பட்டியல் திருத்தக் கூப்பிடுவார்கள். கம்பெனியின் இணையதளத்தைப் புதிதாக அமைத்தபோது, ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. பார்வையில்லாதவர்கள் தளத்தைத் திறந்தால் கணினி அதைக் குரலில் வாசித்துக் காட்டும். படம் வரும் இடத்தில் நாம் எழுதிய விவரத்தை வாசிக்கும். இதற்கான தரவிதிகளைச் சமீபத்தில் புதுப்பித்திருந்தார்கள். அதன்படி தளத்தைச் சோதிக்க, அதை அமைத்த விருதுநகர் நிறுவனம் பார்வையற்ற ஒரு பெண்ணை அனுப்பியது. பட்டாசுத் தொழிலே பிழைப்பான ஏழாயிரம்பண்ணைக்காரர். அந்த நிறுவனத்தில் அவருக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. எங்கள் தளத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் நிரந்தரம். வந்த அன்றே சந்தோஷமாக இதைச் சொன்னார்.

அன்றே இன்னொன்றும் சொன்னார். "அய்யா, இந்த வெவரமெல்லாம் எழுதுனது யாரு? எங்கன பாத்தாலும் 'வண்ணமயமான பட்டாசு'ன்னு இருக்கு. எது புஸ்வாணம், எது ராக்கெட்டுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். என் சந்தேகம் அந்தச் சிரிப்பில்தான் முளைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்குத் தப்பாகப் பட்டது. மடிக்கணினித் திரை எப்போதும் இருட்டாக இருந்தது. கேட்டால், "எனக்கு எதுக்குய்யா வெளிச்சம்? சார்ஜுதான் தீரும்" என்றார். காதில் மாட்டியிருந்த கருவியில், என்ன மொழி என்றே பிடிபடாத வேகத்தில் ஒரு குரல் ஓடியது. ஆடியில்தான் அந்த வருட விலையை அறிவிப்போம். அதற்கு முன் அது வெளியே போனால், அதைவிடக் குறைத்துப் போட எத்தனையோ கம்பெனிகள் காத்திருந்தன. திரையை மறைத்துக்கொண்டு யாருக்கு என்ன அனுப்புகிறார்? டீ வைத்தால் கை தடவாமல் நேராக டம்ளருக்குப் போனது. நான் வாய் திறக்கும் முன்பே "வாங்கய்யா" என்றார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் கிளம்பிய பிறகு ஒரு பொறி வைத்தேன். எங்கள் படங்கள் அச்சடித்த விலைப்பட்டியலிலிருந்து எடுத்தவை. சரக்கின் பெயர் படத்துக்குள்ளேயே இருக்கும். அளவும் எண்ணிக்கையும் மட்டும் கீழே எழுத்தில் வரும். பார்க்க முடியாதவருக்கு நான் எழுதிய விவரம்தான் பெயர். ஒரு கம்பி மத்தாப்புப் படத்தின் விவரத்தைச் 'சங்குசக்கரம்' என்று மாற்றினேன். கண் தெரியாதவர் நம்பித் தாண்டிப் போய்விடுவார். கண்டுபிடித்தால் படத்தைப் பார்க்கிறார்.

மறுநாள் காலையில் கூப்பிட்டார். "அய்யா, இங்கன சக்கரம்னு போட்டிருக்கீக. இது மத்தாப்புல்ல?"

"அப்படியாம்மா? பார்க்கிறேன்" என்றேன். எப்படித் தெரிந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனேன்.

"நெசமாவா அண்ணாச்சி?"

"சோதிச்சுப் பார்த்துட்டேன். படத்தைப் பார்க்காம அதச் சொல்ல முடியாது."

"சீசன் நேரத்துல நமக்கு எதுக்கு வம்பு" என்று அவர் விருதுநகருக்குப் போன் போட்டார்.

மத்தியானத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு அவருடைய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசி முடித்துக் கணினியை மூடினார். "நான் கண்ணு தெரியாத மாதிரி நடிக்கேனாம். வேலைக்கு இனி வரவேண்டாமாம். யாருய்யா சொன்னது?" என்று அறைக்குப் பொதுவாகக் கேட்டார். என் தோல்செருப்பு நடந்தால் கிறீச்சிடும். அப்போதுதான் அறைக்குள் வந்திருந்த நான், சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று காலை அசைக்காமல் நின்றேன். அவருக்குக் கண் தெரியும் என்று நம்பியவன் எதற்காக அப்படி நின்றேன்?

ஆடி பிறந்து, தளம் எல்லோருக்கும் திறந்த பிறகு, அவர் எழுதிவைத்திருந்த அறிக்கை திருத்தங்களுக்காக என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு வரி: 'விவரம் சங்குசக்கரம் என்கிறது. கீழே அளவு 15 செ.மீ. என்று உள்ளது. செ.மீ. அளவு கம்பி மத்தாப்புக்கு மட்டுமே. சரிபார்க்கவும்.'

நாற்பது வருடம் அந்தச் செ.மீ.யை விலைப்பட்டியலில் திருத்தியவன் நான். ஏழாயிரம்பண்ணையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

விருதுநகருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், ஆனால் மூன்று மாதத்தை முதலிலிருந்து எண்ணுவதாகவும் சொன்னார்கள். இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு அந்தப் பெண்ணை அழைத்தேன்.

"அன்னைக்குச் சொன்னது நான்தாம்மா."

"தெரியும்யா. நீங்க ரூமுக்குள்ள வந்த செருப்புச் சத்தம் கேட்டுச்சு. போன சத்தம் கேக்கல."

அவரே மேலே கேட்டார்.

"அந்த வெவரம் தப்பா விழுந்ததா, மாத்துனீகளா?"

"மாத்தினேன். உனக்குக் கண் தெரியுதான்னு பார்க்க."

"என்னையவே கேட்டிருக்கலாம்ல." பிறகு, "மறுபடி மொத மாசத்துலருந்து போறேன். வேறென்ன செய்ய? அது கெடக்கட்டும், சக்கரத்தச் சரி பண்ணிட்டீகளா?" என்றார்.

நான் பண்ணவில்லை.

"காலைலகூடப் பாத்தேன். இன்னும் சக்கரம்னுதான் சொல்லுது. இப்ப மாத்துங்க, நான் லைன்லயே இருக்கேன்."

மாற்றினேன். இரண்டு முறை தப்பாக அடித்தேன். மறுமுனையில் அந்த வேகக் குரல் கடகடவென்று ஓடி நின்றது.

"ம். மத்தாப்பு" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.