இருபத்திரண்டு மீட்டர் கான்

ஜீவராணியிடம் காட்டுவதற்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அந்த வேலை நடந்த இடம் இப்போது இல்லை.

டெண்டர் படிவத்தின் ஆறாம் பகுதி அதைத்தான் கேட்டது. இதே வகையில் முன்பு செய்து முடித்த வேலை ஒன்று. இடம், காலம், கையளித்ததற்கான சான்றிதழ், பயனாளிகளோடு எடுத்த படம், பயனாளி ஒருவரின் பெயர், தொலைபேசி எண்.

எல்லாம் அவளிடம் இருந்தன. மடுல்சீமைக்கு அப்பால் குருவிமலைத் தோட்டம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிய பத்தாம் நம்பர் லயம். நான்கு வருடங்களுக்கு முன் அங்கே லயத்துக்கு மேலே ஒரு தண்ணீர்த் தாங்கியும் கீழே ஆறு பீலிக் குழாய்களும் கட்டிக்கொடுத்திருந்தாள். படத்தில் பதினாறு பேர் புதுக் குழாயைச் சுற்றி நிற்கிறார்கள். நடுவில் மாரியாயி, தண்ணீர்க் கமிட்டித் தலைவி. குடம் நிறைந்து வழிவதைக் கவனிக்காமல் கேமராவைப் பார்க்கிறாள்.

போன நவம்பரில் மலை இறங்கியது. படத்தில் உள்ள பதினாறு பேரில் ஒன்பது பேர் மண்ணுக்குள் போனார்கள். எட்டுப் பேரை எடுத்தார்கள். மாரியாயியை எடுக்க முடியவில்லை.

இப்போது வந்திருப்பது மிஞ்சியவர்களுக்கான டெண்டர். வெளிநாட்டு உதவியில் வேறு இடத்தில் நாற்பது வீடுகள். அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை.

ஜீவராணி ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவள். ஏ.எல். பரீட்சை முடித்த கையோடு பதுளை பசாரில் ஜாபிர் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் பில் எழுதப் போனாள். பதினோரு வருடம் எழுதினாள். சீமெந்து ஏற்ற வரும் கொந்தராத்துக்காரர்கள் படிவங்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் போடுவார்கள். இங்கிலீசு தெரியாது, நிரப்பிக் கொடு என்பார்கள். நிரப்பி நிரப்பி அவளுக்கு ஒன்று புரிந்தது. உதவிப் பணத்தில் வரும் வேலைகளை விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. எதற்கு எத்தனை புள்ளி என்று அவர்களே முதல் சில பக்கங்களில் எழுதியிருப்பார்கள். எல்லோரும் அதைத் தாண்டி விலைப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

கணவன் ஜெயரூபன் மேசன். அவனையும் அவனோடு வேலை செய்த நாலு பேரையும் வைத்துத் தன் பெயரில் கம்பனி பதிந்தாள். முதல் டெண்டர் ஒரு பக்கத்தில் கையெழுத்து விடுபட்டதால் போனது. இரண்டாவது காப்புறுதிக் கடிதம் இல்லாமல் போனது. ஒவ்வொரு முறையும் ஏன் தோற்றேன் என்று கேட்டு எழுதுவாள். பதில் வரும். அந்தப் பதில்களை ஒரு பைலில் போட்டு வைத்தாள். மூன்றாவதுக்கு வந்த பதில் ஒரே வரி. முன் அனுபவம் போதாது.

அதனால்தான் குருவிமலைக்குப் போனாள். கொழும்புக் கம்பனி ஒன்று எடுத்த வேலை அது. மலையேறிச் செய்ய அவர்களுக்கு ஆள் இல்லை. அவர்களுக்குக் கீழே துணைக் கொந்தராத்து எடுத்தாள். இலாபம் வேண்டாம், முடிவில் சான்றிதழில் என் கம்பனிப் பெயரும் வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டாள்.

தாங்கி நன்றாக அமைந்தது. இன்னும் நிற்கிறது. வரைபடத்தில் இன்னொன்றும் இருந்தது. தாங்கி நிறைந்து வழியும் தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோக, இருபத்திரண்டு மீட்டரில் சீமெந்துக் கான். உதவி கொடுத்தவர்களின் ஆள் ஒரு வாரம் முன்னதாகவே திறந்து வைக்க வருகிறார் என்று கொழும்பிலிருந்து செய்தி வந்தது. சீமெந்து தீர்ந்திருந்தது. லொறி ஏற முடியாதபடி ரோட்டு உடைந்திருந்தது. கானைப் பிறகு பார்க்கலாம், படத்தில் கான் தெரியாது என்று கம்பனி இஞ்சினியர் சொன்னார். ஜீவராணி பேசாமல் இருந்தாள். சான்றிதழில் 'முழுமையாக முடிக்கப்பட்டது' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

மழைக்கு முன்னே வந்து வெட்டிவிடுகிறோம் என்று மாரியாயியிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு மழை போனது. பிறகு அடுத்தது.

மூன்று வருடத்துக்கு மேல் அந்தத் தண்ணீர் லயத்துக்கு மேலே வெறும் மண்ணில் வழிந்தது.

மலை இறங்கியபின் ஆய்வு அறிக்கை வந்தது. மூன்று நாள் மழை, பழைய வெடிப்பு, செங்குத்தான சரிவு. ஜீவராணி அதை முதலிலிருந்து முடிவுவரை பல முறை வாசித்தாள். தாங்கி என்ற சொல்லைத் தேடினாள். எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. அதை ஜெயரூபனிடம்கூடச் சொல்லவில்லை.

டெண்டர் பற்றிய விளக்கக் கூட்டம் பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் நடந்தது. பெண்கள் நடத்தும் கம்பனிக்குத் தனிப் புள்ளி என்பதால் பல கொந்தராத்துக்காரர்கள் மனைவிமாரைக் கூட்டிவந்திருந்தார்கள். அவர்கள் நல்ல சாரியில் வந்து வரிசையாக உட்கார்ந்து பேட்டிஸ் சாப்பிட்டார்கள். கேள்வி கேட்டவள் ஜீவராணி மட்டும்.

"பயனாளி ஒருத்தரோட நம்பர் கேட்டிருக்கீங்க. அத என்ன செய்வீங்க?"

மேடையில் இருந்த பெண் அதிகாரி சிரித்தாள். "நாங்களே கூப்பிட்டுப் பேசுவோம். அதுக்கு இருபது புள்ளி."

மறுநாள் காலை ஜாபிர் நானாவின் கடைக்குப் போனாள். டெண்டருக்கு வேண்டிய வங்கிக் கடிதத்துக்கு அவர்தான் பொறுப்பு நின்றிருந்தார். படிவத்தை மூக்குக்கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் நிரப்பி ஆறாவத மட்டும் சும்மா உட்டிருக்கே, ராணி. படம் எங்க?"

"நானா, அந்தப் படத்துல இருக்கிறவங்க..."

"தெரியும். நானும் பாத்தேன்தானே." கண்ணாடியைக் கழற்றினார். "மவுத்தானவங்கட படத்த வெச்சி வேல கேக்கிறது எனக்கும் ஒரு மாதிரித்தான். ஆனா நீ கேக்காட்டி எவன் எடுப்பான் தெரியுமா? நேத்து கூட்டத்துக்குப் பொஞ்சாதிய மேக்கப் போட்டுக் கூட்டிட்டு வந்தான்னு கேள்விப்பட்டேனே, அவன் எடுப்பான். போன வருசம் அவன் கட்டின கக்கூசுக்குக் கதவு வெச்சானா?"

"கதவு இருந்துச்சு நானா. கொண்டிதான் இல்ல."

"அப்ப பாட்டுப் பாடிக்கிட்டு உள்ளுக்குப் போகணும்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"ஒன் வேல நின்னிச்சுத்தானே? மலைதான் நிக்கல்ல."

அவரிடம் கானைப் பற்றி அவள் ஒருபோதும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

படிவத்தில் போட அவளிடம் இருந்த எண் மாரியாயியினுடையது. அது இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்குப் பின்னால் பைப்புகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய், நான்கு வருடமாக அழுத்தாத பெயரை அழுத்தினாள். மணி போனது. மண்ணுக்குள்ளே எங்கோ அது அடிப்பதாக நினைத்தாள். வைத்துவிட நினைத்தபோது எடுத்தார்கள்.

"யாருங்க?"

ரெங்கசாமி. மாரியாயியின் புருசன். மலை இறங்கிய அன்றைக்கு அவர் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போயிருந்தார். வர நேரமானால் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுங்க என்று மாரியாயிதான் தன் போனைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். இப்போது மூடிக்கிடக்கும் பழைய தேயிலை ஸ்டோரில் மற்றக் குடும்பங்களோடு தங்கியிருந்தார்.

"ஜீவராணி பேசுறேண்ணே. பீலி கட்ட வந்தோமே."

"ஆமா ஆமா. சொல்லுங்க தங்கச்சி."

டெண்டரைப் பற்றிச் சொன்னாள். பதுளையிலிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றாள்.

"நீங்க வேல நல்லாச் செஞ்சீங்களான்னு கேப்பாங்க. அவ்வளவுதானே? சொல்லிர்றேன்."

"நடந்தத அப்படியே சொல்லுங்கண்ணே. என்ன கேட்டாலும் அப்படியே சொல்லுங்க."

"சரிங்க."

கானைப் பற்றி அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பேட்டரி குறைவு என்று வைத்துவிட்டார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவளால் தாங்க முடியவில்லை.

ஆறாம் பகுதியின் கடைசிப் பெட்டி: முடிக்கப்படாமல் விட்ட பகுதி ஏதும் உண்டா? பேனையை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'உண்டு' என்று எழுதினால் படிவம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மற்றவர்களுக்காக எத்தனையோ படிவங்கள் நிரப்பியவள் அவள். எந்தப் பெட்டியில் ஆள் விழுவான் என்று அவளுக்குத் தெரியும். 'இல்லை' என்று எழுதினாள். படத்தை ஒட்டினாள். பசை காயும்வரை மாரியாயியின் முகத்தின்மேல் விரலை அழுத்தி வைத்திருக்க வேண்டியிருந்தது.

ரெங்கசாமி சொல்லிவிடுவார் என்று அவளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. கான் வெட்டாததை அவர் அறிவார். கேட்டால் சொல்லிவிடுவார். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து, மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் 'மாரியாயி அக்கா' என்று வந்தது. கையிலிருந்த பை நழுவியது. தக்காளி உருண்டு ரோட்டுக்குப் போனது.

"தங்கச்சி, கூப்பிட்டாங்க. ஒரு பொம்பள. நல்ல மாதிரிப் பேசுனாங்க."

"என்ன கேட்டாங்கண்ணே?"

"தண்ணி வந்துச்சான்னாங்க. வந்துச்சுன்னேன். இப்பவும் வருதுங்க, நேத்துக்கூடப் போயிப் பாத்தேன்னு சொன்னேன். மண்ணுக்கு வெளிய ஒரு பைப்பு நீட்டிக்கிட்டு இருக்கு. அதுல ஊத்திக்கிட்டேதான் இருக்கு. புடிக்கத்தான் ஆள் இல்ல. அந்தப் பொம்பள அத அப்படியே எழுதிக்கிட்டாங்க."

"வேற?"

"மிச்சம் வச்ச வேல ஏதும் இருக்கான்னாங்க. இல்லன்னுட்டேன்."

மரக்கறிக்காரன் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? கான்..."

"தெரியும் தங்கச்சி. அவ ஒவ்வொரு மழைக்கும் சொல்லுவா. அந்தப் புள்ள வரலியே, கான் வெட்ட வரலியேன்னு. மம்பட்டிய எடுத்துக்கிட்டு நானே ரெண்டு தரம் போனேன். கல்லு. ஒண்ணும் முடியல."

மரக்கறிக்காரன் நீட்டிய பையை அவள் வாங்கிக்கொண்டாள். அவர் தொடர்ந்தார். குரலில் கோபம் இல்லை. இருந்தால் தேவலை என்று இருந்தது.

"யோசிச்சுப் பாத்துத்தான் சொன்னேன். உண்மையச் சொன்னா வேற ஒருத்தனுக்குக் குடுப்பாங்க. அவனும் புது எடத்துக்கு வந்து கான் வெட்டாம உட்டுட்டுப் போவான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க உட மாட்டீங்க. இனிமே உங்களால உட முடியாது."

பிறகு, "பேட்டரி கொறையுது தங்கச்சி" என்று வைத்துவிட்டார்.

கடிதம் அடுத்த மாதம் வந்தது. அவளுடைய கம்பனிக்குத்தான் வேலை. கீழே, இயற்கை அனர்த்தத்தின் பின்னும் முந்தைய கட்டுமானம் இயங்குவது மதிப்பீட்டாளர்களைக் கவர்ந்ததாக ஒரு வரி இருந்தது. ஜாபிர் நானா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தொதல் இனிப்புக் கொடுத்தார். ஜீவராணி கடிதத்தை எந்தப் பைலில் போடுவது என்று தெரியாமல், தோற்றதற்கான பதில்கள் இருந்த பைலிலேயே போட்டாள்.

புது இடத்துக்குப் போவதற்கு முன் ஒரு வியாழக்கிழமை, ஜெயரூபனையும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு குருவிமலைக்கு ஏறினாள். தாங்கி அப்படியே இருந்தது. பக்கத்தில் வழிகுழாய். அதிலிருந்து விழுந்த தண்ணீர் மண்ணில் ஒரு குழி பறித்திருந்தது. பழைய வரைபடத்தை விரித்து, வழிகுழாயின் அடியில் முளை அடித்தார்கள். வெட்டத் தொடங்கினார்கள். கொழுந்து நிறுத்துப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ரோட்டில் நின்று பார்த்தார்கள். ஆள் இல்லாத இடத்தில் யாருக்குக் கான் என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். ஜெயரூபன் வெட்டிய மண்ணை அள்ளிப் பக்கத்தில் போட்டான்.

மறுநாள் மத்தியானம் மண்வெட்டிக்கு மண் தட்டுப்படவில்லை. புல் இருந்தது. அதற்கப்பால் ஒன்றும் இல்லை. மலை உடைந்து போன விளிம்பு. கீழே, ரொம்பக் கீழே, சிவந்த மண்ணின் நடுவே ஒற்றைப் பைப்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது. விளிம்புக்கு அப்பால், இப்போது வெற்றிடமாக இருந்த இடத்தில்தான் முந்தி ஓடை இருந்தது.

ஜெயரூபன் டேப்பைப் பிடித்தான். "பதிமூணு" என்றான். "இன்னும் ஒம்பது மீட்டர் வரணும். எதுல வெட்டுறது?"

வெட்டிய கானில் தண்ணீரை விட்டால் நேரே கீழே, எடுக்கப்படாதவளின் மேல்தான் விழும். ஜீவராணி மேலே ஏறிப்போய், ஊற்றிலிருந்து தாங்கிக்கு வரும் பைப்பை மூட்டில் கழற்றச் சொன்னாள். தண்ணீர் பழைய பள்ளத்தில் திரும்பி வேறு பக்கமாக இறங்கியது. வழிகுழாய் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து நின்றது. கீழே இருந்த பைப்பு நிற்க ரொம்ப நேரம் எடுத்தது. தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தது. விளிம்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து நால்வரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நின்றதும் அந்த மலையில் சத்தமே இல்லை.

அப்போது போன் அடித்தது. திரையில் மாரியாயி அக்கா. ஜெயரூபன் பெயரைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜீவராணி எடுத்தாள்.

"தங்கச்சி, வேல எப்பத் தொடங்குறீங்கன்னு இங்க எல்லாரும் கேக்குறாங்க."

"திங்கக்கெழம வர்றோம்ணே."

"பீலி மொதல்ல வருமா, தாங்கி மொதல்ல வருமான்னு கேக்குறாங்க."

"கான்" என்றாள். "மொதல்ல கான்தாண்ணே."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பேட்டரி போயிருக்கலாம். அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.