மசோதாவில் ஏழுமலை சேர்த்த வரி

போன ஞாயிற்றுக்கிழமை செங்கம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். கல்யாணத்துக்கு அல்ல... ஒரு சட்டத்துக்கு!

ஆமாம், சட்டத்துக்குத்தான். எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ. ஒருவர் சட்டசபையில், அரசு சார்பில் அல்லாமல் தம் பொறுப்பிலேயே, தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவர ஆசைப்படுகிறார். போலீஸ்காரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான மசோதா. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது மேலதிகாரியின் தயவாக இல்லாமல் உரிமையாக இருக்க வேண்டும். பணியில் அடிபட்டால் முழுச் சிகிச்சையும் அரசின் பொறுப்பு. பணியில் ஒருவர் இறந்துபோனால், போலீஸ் குடியிருப்பில் இருக்கும் அவர் குடும்பத்தை, பிள்ளைகளின் படிப்பாண்டு முடிகிற வரையாவது காலி செய்யச் சொல்லக் கூடாது — இப்படிச் சில பிரிவுகள். அதைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கத்தான் கூட்டம். 'பத்தி எழுதுகிறவர், வந்து நாலு வார்த்தை பேசுங்கள்' என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் பக்கத்தைப் புரட்டப் போவது எனக்குத் தெரிகிறது. 'போலீஸுக்கு வக்காலத்தா?'... இருங்கள். ஸ்டேஷனில் அவமானப்பட்டுத் திரும்பியவர்களைப் பற்றி இதே பத்தியில் எழுதியிருக்கிறேன். இனியும் எழுதுவேன். இன்றைக்கு வேறு கதை. முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

மண்டப வாசலில் ஒரு பெண் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையில் மலர்க்கொடி என்று பெயர். வருகிற கார்களை ஓரமாக நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"உங்களுக்காகத்தானே கூட்டம்? நீங்க உள்ள வந்து பேசினாத்தானே விஷயம் தெரியும்?" என்றேன்.

"நாங்க பேசக் கூடாதும்மா. ரூல்ஸ் இக்குது. அதுவும் இல்லாம, இன்னிக்கு எனக்கு டூட்டி."

"ஞாயித்துக்கிழமையுமா? என்ன டூட்டி?"

"இன்னிக்கு ஆஃபுதாங்க குடுத்திருந்தாங்க. அப்புறம் இந்தக் கூட்டம் இக்குதுன்னு பந்தோபஸ்துக்குக் கூப்ட்டுட்டாங்க."

போலீஸுக்கு வார ஓய்வு வேண்டும் என்று பேசுகிற கூட்டம். அதற்குப் பாதுகாப்பு கொடுக்க, ஓய்வில் இருந்தவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். சட்டென்று, யாராவது பார்த்தார்களோ என்று திரும்பிப் பார்த்து முகத்தை நேராக்கிக்கொண்டார்.

உள்ளே வழக்கம்போல ஆரம்பித்தது. பொன்னாடை, பூங்கொத்து, 'எனக்கு முன்னால் பேசியவர் சொன்னதைப் போல' என்று தொடங்கி, அதையே திரும்பச் சொல்கிற பேச்சுகள். நானும் பேசினேன். கை தட்டினார்கள். யாருக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் எம்.எல்.ஏ. மைக்கை வாங்கினார். "காவலர் குடும்பத்தார் நிறைய பேர் வந்திருக்கீங்க. உங்க கஷ்டத்தை நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். யார் பேசறீங்க?"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பின் வரிசைகளில் நிறைய பெண்கள். போலீஸ்காரர்களின் மனைவிகள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். காரணம் புரியாமல் இல்லை. பக்கவாட்டுத் தூண் ஓரமாக, பந்தோபஸ்தைக் கவனித்தபடி இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். நாம் ஏதாவது பேசப் போய், வீட்டுக்காரரை எங்கேயாவது தூக்கி அடித்துவிட்டால்?

அப்போதுதான் கதவருகிலிருந்து ஒரு குரல்.

"நான் போலீஸ் பொண்டாட்டி இல்லீங்க... போலீஸ் புருஷன். பேசலாங்களா?"

மண்டபமே சிரித்தது. காக்கிச் சட்டை... ஆனால் ஆட்டோ ஓட்டுநரின் காக்கி. கையில் டிபன் கேரியர். லேசாகக் காலைச் சாய்த்துச் சாய்த்து மேடைக்கு வந்தார். பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வாசலில் நிற்கும் மலர்க்கொடியின் கணவர். மனைவிக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவர், ஸ்பீக்கரில் கூப்பிட்டது காதில் விழுந்து உள்ளே வந்துவிட்டார்.

டிபன் கேரியரைக் காலடியில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். பேச்சில் தடுமாற்றம் இல்லை.

"போன வருசம் ஒரு பௌர்ணமி. எங்க வீட்டம்மாவுக்கு கிரிவலப் பாதையில பந்தோபஸ்து. நான் சவாரி முடிச்சுட்டு வந்துனு இருக்கேன். மல்லாட்ட, அதாங்க வேர்க்கடல, மூட்ட ஏத்துன வண்டி ஒண்ணு ஒரசிட்டுப் போயிடுச்சு. ஆட்டோ கவுந்து காலு உள்ள மாட்டிகிச்சு. ஆஸ்பத்திரியில, எலும்பு நொறுங்கிடுச்சு, ரத்தம் ஜாஸ்தி போயிடுச்சு, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. எம் பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது. அது ஒண்ணுதான் பக்கத்துல. அம்மாவுக்கு போன் போட்டு அழுவுது. அந்தம்மா, 'தோ வர்றேன்'னு சொல்லுச்சு. ஆனா வரல."

ஏழுமலை நிறுத்தினார். தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"எந்தம்பிதான் ஓடி வந்து கையெழுத்துப் போட்டான். ஆபரேஷன் முடிஞ்சு எனக்கு முழிப்பு வந்தப்பத்தான் இவ வந்து நிக்குறா. சட்டையெல்லாம் சேறு. 'மாத்தி உட ஆள் வரலைங்க'ன்னு சொன்னா. நான் மூஞ்சியத் திருப்பிக்கினேன். ரொம்ப நாள் அவகூட பேசல. பொய் எதுக்குங்க... அந்தக் கோவம் இன்னும் கொஞ்சம் உள்ள இக்குது. ரோட்டுல நிக்கிற வேலதானே? புருஷன் சாவக் கெடக்கறத உட அப்பிடி இன்னா பெரிய வேல?"

போன வருஷம்... பௌர்ணமி... சேறு படிந்த சட்டை...

எனக்குச் சட்டென்று உறைத்தது. வாசலில் பார்த்த முகம் எங்கே பார்த்த முகம் என்று தெரிந்துவிட்டது. எழுந்துவிட்டேன்.

"ஏழுமலை, ஒரு நிமிஷம். அந்தச் சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். அவங்க என்ன பண்ணாங்கன்னு நான் பார்த்தேன்."

அங்கே சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அன்று நானும் என் தங்கையும் கிரிவலம் போய்க்கொண்டிருந்தோம். அடி அண்ணாமலை பக்கம், இரண்டு புறமும் கடைகள் நெருங்கிப் பாதை குறுகுகிற இடம். இன்னும் இருட்டவில்லை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போனவர்கள் ஒதுங்க இடம் தேடி அப்படியே நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். நடுவில் நாங்கள்.

கூட்டத்தில் நசுங்குவது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. கையை உயர்த்த முடியவில்லை. மூச்சை இழுத்தால் நெஞ்சு விரிய இடமில்லை. தங்கையின் விரல் என் கையிலிருந்து நழுவுகிறது. ஒரு குழந்தை வீறிடுகிறது. 'இதோடு முடிந்தது' என்று நினைத்தேன்.

அப்போது ஒரு கடையின் பலகை மேல் ஒரு பெண் போலீஸ் ஏறி நின்றார். ஒரு கையில் போன். காதில் வைத்திருந்ததை எடுத்து அப்படியே பாக்கெட்டில் போட்டார். வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு கத்தினார்.

"உக்காருங்க! எல்லாரும் இருக்கிற எடத்துலயே உக்காருங்க! சாமிய நெனச்சு உக்காருங்க!"

கொட்டுகிற மழையில், சேற்றில் உட்காரச் சொல்கிறாரே என்று ஒரு கணம் திகைத்தோம். இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். பிறகு பத்துப் பேர். பிறகு அலை அலையாகக் கூட்டம் தரையில் அமர்ந்தது. உட்கார்ந்திருக்கிற கூட்டத்தின் மேல் யாரும் ஏறி நடக்க மாட்டார்கள் அல்லவா? பின்னால் இருந்தவர்கள் தானாக நின்றார்கள். எங்கிருந்தோ ஒரு குரல் 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்றது. ஊரே திருப்பிச் சொன்னது. எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகும் அவர் அங்கிருந்து நகரவில்லை. பலகையை விட்டிறங்கி, ஒவ்வொரு வரிசையாக எழுப்பி அனுப்பினார். நடுநடுவே புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். இடையில் வாக்கி டாக்கியில், "ரிலீவர் வந்துட்டாங்களா சார்? வந்துட்டாங்களா?" என்று கேட்டதும் காதில் விழுந்தது. ஏதோ டூட்டி மாறுகிற நேரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இதை மண்டபத்தில் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஏழுமலை என் பக்கம் திரும்பினார்.

"அவ இதெல்லாம் சொல்லவே இல்லீங்களே..."

"நீ கேட்டியாப்பா?" — பின் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி.

ஏழுமலை அவரைப் பார்த்தார். "கேக்கலைங்க" என்றார். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. பக்கம் திரும்பினார்.

"சார், உங்க சட்டத்துல எல்லாம் இக்குது. லீவு இக்குது, வைத்தியம் இக்குது. இது ஒண்ணு இல்ல. வீட்ல உசுருக்கு ஆபத்துன்னா, மாத்தி உட ஒரு ஆள் ரெடியா இருக்கணும்னு எழுதுங்க. அவ அங்கேர்ந்து வந்திருந்தா அவங்கெல்லாம் செத்திருப்பாங்க. வராததால நான் அவளத் திட்னேன். ரெண்டு பக்கமும் அவளே மாட்டிக்கினா எப்பிடி சார்?"

எத்தனை பேர் மேடையில் பேசினோம்! இந்தக் கேள்வி எங்கள் ஒருவர் வாயிலும் வரவில்லை.

மசோதாவை எழுத உதவும் வக்கீல் உடனே பேனாவைத் திறந்தார். எழுதியதை உரக்கப் படித்தார். "பணியிலுள்ள காவலரின் நெருங்கிய குடும்ப உறுப்பினருக்கு உயிருக்கு ஊறு விளையத்தக்க சூழல் எழும் பட்சத்தில்..."

"சார், சார்... இது எனக்கே புரியலியே. டென்ஷன்ல இருக்கிற எங்க வீட்டம்மாவுக்கு எப்பிடிப் புரியும்?"

மறுபடி சிரிப்பு. வக்கீலும் சிரித்துவிட்டு, அடித்துத் திருத்தி எழுதினார். 'வீட்டில் உயிருக்கு ஆபத்து என்றால், தயாராக உள்ள மாற்று ஆளை அனுப்பி, காவலரை உடனே விடுவிக்க வேண்டும்.' கை தட்டல் அடங்க நேரமாயிற்று.

ஆதரவுக் கையெழுத்துத் தாளை நீட்டியபோது மறுபடி தயக்கம். பின் வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது தூண் ஓரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் நகர்ந்தார். அவர் போனை எடுத்தார்.

"எங்க இருக்க?... வண்டிய எடுத்துனு மண்டபத்துக்கு வா. ஒரு கையெழுத்துப் போடணும்... அட, லோன் எல்லாம் இல்லம்மா! வா, சொல்றேன்."

சற்று நேரத்தில் ஸ்கூட்டியில் ஒரு பெண்மணி வந்து இறங்கினார். கையில் மசாலா வாசனை. பாதிச் சமையலில் எழுந்து வந்திருக்கிறார். மசோதாவை முழுசாகப் படித்தார். "நீங்க போடலியா?" என்று கணவரைக் கேட்டார். "நான் போடக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் போடலாம்ல?" என்றபடி அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு பின் வரிசை முழுக்க எழுந்து வந்தது.

வெளியே வந்தேன். ஸ்பீக்கர் வாசலிலும் இருந்ததால் மலர்க்கொடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கண் சிவந்திருந்தது. ஆனால் கணவரைப் பார்த்ததும் சீறினார்.

"உங்கள யாரு பேசச் சொன்னது? சோறு குடுத்துட்டுப் போவச் சொன்னா..."

"தப்புதான். நீ சாப்டு முதல்ல" என்று கேரியரை நீட்டினார் ஏழுமலை. "சோறு ஆறிடுச்சு."

"இங்க யாரு நிக்கறது?"

"நீங்க போய்ச் சாப்பிடுங்கம்மா. நான் நிக்கறேன்." — பின்னாலேயே வந்த இன்ஸ்பெக்டர்.

மலர்க்கொடி ஒரு சல்யூட் அடித்துவிட்டு, மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த வேப்ப மரத்தடிக்குப் போனார். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஏழுமலை கேட்டுக்கொண்டிருந்தார், மலர்க்கொடி சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் பார்த்தேன்.

அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். சந்தேகமில்லை. ஆனால் நல்ல மனிதருக்கும் மாறுதல் வரும். அவரோடு அந்த நல்லதும் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடும். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். தூக்கமில்லாமல், வீட்டு நினைப்பை விழுங்கிக்கொண்டு நிற்கிற ஒருவரின் எரிச்சல் கடைசியில் யார் மேல் விழுகிறது? உங்கள் மேல், என் மேல்தானே! அவர்களுக்கு நல்லது கேட்பது நமக்கும் கேட்பதுதான்.

தனிநபர் மசோதாக்கள் சட்டமாவது அபூர்வம் என்று வக்கீல் என்னிடம் தனியாகச் சொன்னார். இருக்கட்டுமே... உங்கள் ஊர் எம்.எல்.ஏ.வைப் பார்க்கும்போது 'இதை ஆதரிங்க சார்' என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நிறையப் பேர் கேட்டால் அரசே கொண்டுவரலாம், யார் கண்டது?

அதுவரை, கூட்டத்தில் வழி மறிக்கிற காக்கிச் சட்டையிடம் எரிந்து விழுவதற்கு முன்னால், 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள்... இதற்கு எந்தச் சபையிலும் ஓட்டெடுப்பு தேவையில்லை!