கேசொலின் கேட்டவர்களைக் கேஸ் குடோனுக்கு அனுப்பிய முதலாளி

பைபாஸ் பெட்ரோல் பங்க் முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். நேற்று சாயங்காலம், நெஞ்சு வலி.

காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் போட்டோ போட்டு என்னை டேக் பண்ணிவிட்டீர்கள். அவரிடம் பம்ப் பிடித்து வேலை பார்த்தவள், ஏதாவது எழுதுவாள் என்று... எழுதுகிறேன்.

ஃபிளெக்ஸில் ‘கொடை வள்ளல்’ என்று இருக்கிறது. எனக்குக் கொடுத்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கொடைக்கானல் போகிற வெள்ளைக்காரத் தம்பதி, வாடகை பைக்கில் வந்து ‘கேசொலின், கேசொலின்’ என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முதலாளி எழுந்து வந்து, “கேஸு இங்க இல்ல சார், அந்தா அங்குட்டு ஏஜென்சி” என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் சிலிண்டர் குடோனிலிருந்து இரண்டு பேரும் பைக்கைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்கள்... அன்று சிரித்த சிரிப்பு! அவரும் சிரித்தார், இல்லை என்று சொல்லமாட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். அமெரிக்காவில் பெட்ரோலுக்கே கேசொலின் என்றுதான் பெயராம். கேஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. இன்னொரு கட்சி சொல்வதுதான் சுவாரசியம்.

லண்டனில் ஒரு வியாபாரி, விளக்கு எரிக்கிற எண்ணெய்க்குத் ‘சி’ எழுத்தில் தொடங்கும் தன் பெயரையே வைத்து விற்றாராம். அயர்லாந்தில் ஒரு கடைக்காரர் அதற்கு டூப்ளிகேட் போட்டு மாட்டிக்கொண்டார். உடனே முதல் எழுத்தில் ஒரு கோடு இழுத்து, சி-யை ஜி ஆக்கி, அதையே தொடர்ந்து விற்றாராம். அந்தப் போலிப் பெயர்தான் கேசொலின் ஆனது என்கிறார்கள்.

முதலாளியிடம் ஆசையாகப் போய்ச் சொன்னேன். “பொழைக்கத் தெரிஞ்ச ஆளும்மா அவென்” என்று தொடையைத் தட்டிக்கொண்டார். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஐப்பசி மழையில் தரைக்கடியில் இருக்கிற பெட்ரோல் டேங்கில் தண்ணீர் இறங்கிவிட்டது. தினமும் காலையில் அளவுகோலில் ஒரு பேஸ்ட் தடவி உள்ளே விட்டுப் பார்ப்போம், தண்ணீர் இருந்தால் நிறம் மாறும். மாறியிருந்தது.

“மொதலாளி, தண்ணி ஏறிருக்கு. நிப்பாட்டிருவமா?”

“பொத்திக்கிட்டுப் போடு புள்ள. அம்புட்டையும் கீழ ஊத்தச் சொல்றியா?”

மாட்டேன் என்று டீசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பெட்ரோல் பம்பை அவரே பிடித்தார்.

கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் போட்டுப் போன எங்கள் ஊர் எரியோட்டுப் பூக்காரர் நின்றுபோன மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். மல்லிகை மூட்டை பின்னால் அப்படியே வாடிக் கிடக்கிறது, மார்க்கெட் போச்சு. அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து வண்டி. “எவென்டா தண்ணி கலந்தது?”

முதலாளி என்னைக் கை காட்டினார். “இந்தப் புள்ளதான் காலைல டேங்கத் தொறந்துச்சு. பெட்ரோல எடுத்துட்டுத் தண்ணிய ஊத்திருக்கு.”

பெட்ரோல் விற்ற காசு இருக்கிறதா என்று, அத்தனை பேர் முன்னால் என் சாப்பாட்டுப் பையைத் திறக்கச் சொன்னார். தயிர்ச்சோறும் ஒரு மாற்றுச் சுடிதாரும் இருந்தன. சுடிதாரையும் உதறிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

அதற்கப்புறம் எரியோடு பஸ்ஸில் என் பெயர் ‘தண்ணி பெட்ரோல்’. பேசி முடித்திருந்த சம்பந்தமும் நின்றது.

அப்பா அவரிடம் போய், “எம் மக எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க மொதலாளி” என்று கேட்டார். “முடிஞ்சத ஏன் கெளறுறீக” என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைக் கடைசி வரைக்கும் சொல்லவேயில்லை... இனி எங்கே சொல்ல.

எதிர் பங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். வேண்டுமென்றேதான். அவர் கண்ணில் படுகிற மாதிரி முதல் பம்பில் நின்று, அவருடைய ரெகுலர் வண்டிகளை ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் கூப்பிட்டேன். அவர் முகம் போன போக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கமெண்ட் போட வருகிறவர்கள் ஒரு நிமிஷம்... உயிரோடு இருந்தவளைப் பேசினபோது நீங்களும் வரிசையில்தானே நின்றீர்கள்?

இன்று துக்கத்துக்காக அவர் பங்கைப் பூட்டிவிட்டார்கள். மத்தியானம் சொர்க்க ரதம் டீசல் போட எங்களிடம் வந்தது. முன் சீட்டில் அவர் மகன். பின்னால் மாலைகளுக்கு நடுவில் அவர்.

வந்து நின்றது என் பம்பில். மகன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லா வண்டிக்கும் மீட்டரைக் காட்டிச் சொல்வதைத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாக, பின்னால் கேட்கிற மாதிரி.

“ஜீரோ பாத்துக்கங்க சார்.”

சுத்தமான டீசல்தான் மொதலாளி. வண்டி வழியில நிக்காது. போங்க.