சம்ப் மூடியின் மேல் ஜப்பான் கார்

எங்கள் ஃப்ளாட்டைக் கட்டிய புண்ணியவான், தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி கட்டும்போது அதன் வாயை எங்கே வைப்பது என்று ரொம்ப யோசித்திருக்க மாட்டார். என் கார் நிறுத்துமிடத்தின் நட்டநடுவில் வைத்துவிட்டார். மயிலாப்பூரில், குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், எட்டு வீடுகள் கொண்ட கட்டடம் அது. தரைத்தளத்தில் முன்பக்க வீடு என்னுடையது. என்னிடம் ஸ்கூட்டர் இருந்தவரை அந்த இரும்பு மூடியால் யாருக்கும் தொல்லையில்லை. தண்ணி லாரி வரும், ஸ்கூட்டரை ஒதுக்குவேன், மூடியைத் திறந்து சம்ப்புக்குள் குழாயை விடுவார்கள். தொண்ணூறுகளில் ஒரு கோடையில் அந்த மூடியின் மேல் ஒரு ஜப்பான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அன்றிலிருந்து எட்டு வீட்டில் ஏழு வீடு எனக்கு எதிரி. எட்டாவது வீட்டில் என் மனைவி இருந்தாள். ஆகவே அதையும் எதிர்த்தரப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

கார் கோட்டூர்புரத்தில் ஒரு பங்களாவின் பின்புறம் முருங்கை மரத்தடியில் கிடந்தது. ஜப்பானிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பொறியாளர் கூடவே கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. இரண்டே கதவு. தரையை முகர்ந்து பார்ப்பது போலத் தாழ்ந்த மூக்கு. முன்விளக்குகள் பகலில் மூடிக்கொண்டு தூங்கும், சுவிட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். எழும்ப வேண்டும். வலது கண் மட்டும்தான் எழும்பியது. நாற்பத்தைந்து வயதில் மனிதர்கள் மலைக்கு மாலை போட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் நங்கநல்லூரில் மனை வாங்கிப் போடுவார்கள். நான் இதை இழுத்துக்கொண்டு வந்தேன். என் ஜாதகம், படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் வேறு யாராவதுதான் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நானாகப் பார்த்து ஆசைப்பட்டது இது ஒன்றுதான். அதற்கு ஒரு கண் தெரியவில்லை.

மேற்கு மாம்பலத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை பார்க்க ஒப்புக்கொண்டார். முதல் நாளே எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"சார்! பிஸ்டனைக் காணோம் சார்! எவனோ உருவிகினு போய்ட்டான்!"

"இதில் பிஸ்டன் கிடையாதுப்பா. ரோட்டரி எஞ்சின். வயிறு உப்பின முக்கோணம் மாதிரி ரெண்டு இருக்கும், அது சுத்தும்" என்றேன், நானே கண்டுபிடித்தவன் மாதிரி.

"அப்ப கிரைண்டர்னு சொல்லு. ரெண்டு கல்லு கீது. மாவு எங்க சார் போடணும்?"

ஒவ்வொரு மாடியிலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன்பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் அதைக் கார் என்று சொல்லவில்லை. "கிரைண்டரை எடுக்கச் சொல்லுங்கோ" என்பார்கள்.

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தகடு துருப்பிடித்து உதிர்ந்து, உள்ளே உட்கார்ந்தபடியே மயிலாப்பூரைப் பார்க்கலாம் என்ற நிலைமை. தகடு வெட்டிப் பற்றவைத்தோம். முக்கோணத்தின் முனைகளில் காற்றுப் புகாமல் அடைக்கிற மெல்லிய பட்டைகளைச் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனன் பெட்டியில் போட்டு எடுத்துவந்தான். "என் தம்பி சாக்லேட் கொண்டுவருவான்னு காத்துண்டிருந்தேன். இரும்பைக் கொண்டுவந்து நிக்கறான்" என்று என் மனைவி அவனோடு ஒரு வாரம் பேசவில்லை. மற்றதெல்லாம் மாடிஃபை. சென்னையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், ஒரிஜினல் கிடைக்கவில்லை. ரேடியேட்டருக்கு வேன் விசிறி. புதுப்பேட்டையில் குழாயை வளைத்துச் செய்த சைலன்ஸர். அதை வைத்தபின் வண்டி தொண்டை கட்டிய யானை மாதிரி கத்தியது. மெக்கானிக் அதை ஸ்போர்ட்ஸ் சவுண்டு என்றார்.

முதல்முறை ஸ்டார்ட் செய்த அன்று வெள்ளைப் புகை எழுந்து இரண்டாம் மாடி வரை போனது. மெக்கானிக் எஞ்சினுக்குள் ஊற்றிய எண்ணெயெல்லாம் வெந்து வந்த புகை. அதற்குள்ளிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் தோன்றினார். எங்கள் சங்கத்தின் செயலாளர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அதட்டுவதிலிருந்து ஓய்வு பெறாதவர். முதல் மாடியில் சரியாக எனக்கு மேல் வீடு.

"ஓய், இது காரா, கொசுப்புகை அடிக்கற வண்டியா? ஆஃப் பண்ணும் ஓய்!"

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது குரலை உயர்த்தினால் என் கை தானாக வேலை செய்யும், மூளைக்குத் தகவல் பிற்பாடுதான் போகும். பதறிப்போய் எதையோ தட்டினேன். வலது கண் மெல்ல மேலே எழுந்து நின்றது, பிறகு மூடியது. முதல் மாடிப் பால்கனியில் செயலாளரின் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"என் ஆத்துக்காரியைப் பார்த்துக் கண்ணடிக்கறது ஓய் உம்ம கார்!"

சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். எஞ்சின் ஓடியது ஒரு நிமிஷம் கூட இருக்காது. மறுபடி சாவியைத் திருப்பினால் கிளம்பவில்லை. மோட்டார் சுற்றுகிறது, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது, வண்டி மட்டும் செத்த பிணம்.

அடுத்த சில வாரங்கள் இதுவே கதை. மெக்கானிக் வருவார், நான்கு பிளக்கையும் கழற்றுவார், பெட்ரோலில் தொப்பலாக நனைந்திருக்கும். எங்கள் வீட்டு அடுப்பில் காட்டிக் காயவைப்பார். என் மனைவி வாசற்படியில் நின்று, "அப்பளம் சுடற அடுப்புன்னா அது" என்பாள். பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கிளம்பும். புகை வரும். மேலேயிருந்து "ஆஃப் பண்ணும் ஓய்!" வரும். நான் அணைப்பேன். பிறகு கிளம்பாது.

"உன் வண்டிக்கு உடம்பு நல்லாத்தான் கீது சார். மனசுதான் சரியில்ல" என்றார் மெக்கானிக். கார்புரேட்டரைப் பிரித்தார், காயிலை மாற்றினார், எஞ்சினையே மறுபடி திறந்து பட்டைகளைத் தடவிப் பார்த்து மூடினார். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஒருவரையொருவர் முட்டாள் என்று நினைத்துக்கொண்டோம், இருவர் கணிப்பும் சரி.

தள்ளிவிடலாமே என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் தார் போடப் போட ரோடு உயர்ந்துகொண்டே போய் எங்கள் கட்டடம் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. கேட்டிலிருந்து உள்ளே சரிவு. காரை மேட்டில் தள்ளினால்தான் சம்ப் மூடி வெளியே தெரியும். முதலில் லாரி வந்தபோதெல்லாம் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். ஒரு நாள் செயலாளரின் வேட்டியில் கருப்பு எண்ணெய் கை அகலத்துக்குப் பதிந்தது. அதன்பிறகு யாரும் தொடவில்லை.

அப்படியிருக்க ஒரு காலையில் லாரி வந்தது. கார் மூடியின் மேல். சாவியைத் திருப்பினேன், சுற்றியது, கிளம்பவில்லை. எட்டு வீட்டுக் குடங்களும் வாளிகளும் படிக்கட்டில் வரிசையாக நின்று என்னை வேடிக்கை பார்த்தன. லாரி டிரைவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா சாமி, தொட்டி வாய்ல பூட்டு போட்டு வெச்சிகிற? எனக்கு இன்னும் மூணு தெரு கீது."

"ஒரு நிமிஷம்ப்பா..."

"நீ நிமிசத்த வெச்சிக்க, நான் தண்ணிய எடுத்துகினு போறேன்."

போய்விட்டார். லாரியின் பின்பக்கத்திலிருந்து தெருவெல்லாம் சொட்டிக்கொண்டே போனது எங்கள் தண்ணீர். குடங்களும் வாளிகளும் காலியாகவே மாடி ஏறின. கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. இரண்டாம் மாடிக்காரர் கடந்து போகும்போது, "இன்னிக்கு உங்காத்துல குளிக்கலாமா சார்?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கேயும் தண்ணீர் இல்லை.

அன்று மாலை மொட்டை மாடியில் கூட்டம். செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அடுத்த லாரி வரச்சே அந்த கிரைண்டர் தன் கால்ல தானே நகரணும். நகரலைன்னா காயலான் கடைக்காரனை நானே கூட்டிண்டு வருவேன். தூக்கிண்டு போகட்டும். இதுக்கு ஒத்துக்கறவா கை தூக்குங்கோ."

எல்லாக் கைகளும் எழுந்தன. என் பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவியின் கை எல்லோருடையதையும் விட உயரமாக இருந்தது.

"என்ன பார்க்கறேள்? தலைக்கு ஊத்திண்டு நாலு நாளாச்சு" என்றாள்.

லாரி வருகிற காலை, மெக்கானிக்கை விடியும்போதே வரவழைத்தேன். பிளக்குகள் அடுப்பில் காய்ந்து, சூடாகவே மாட்டப்பட்டன. நான் லுங்கியும் பனியனுமாக, காலில் செருப்புகூட இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தேன். தெரிந்த ஸ்லோகங்களை ஒன்றோடொன்று கலந்து சொல்லிக்கொண்டிருந்தேன், எந்த சுவாமியும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாதபடி. தெருமுனையில் லாரியின் ஹாரன். சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. புகை. முதல் கியர். சரிவில் ஏறி, கேட்டுக்கு உட்புறம் மதில் ஓரமாக வந்து நின்றேன். மூடி தெரிந்தது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

புகைக்குள்ளிருந்து செயலாளர் பாய்ந்து வந்தார். கையில் குடை.

"நகர்ந்தாச்சோல்லியோ? ஆஃப் பண்ணும் ஓய்! ஆஃப்!"

குடை முனையால் கண்ணாடியைத் தட்டினார். பயத்தில் என் கை சாவிக்குப் போனது உண்மை. ஆனால் கையை விடக் கால் அதிகமாகப் பயந்துவிட்டது. பிரேக்கில் வைக்க வேண்டிய காலை ஆக்ஸிலரேட்டரில் வைத்து அழுத்தினேன். புதுப்பேட்டை சைலன்ஸர் அலறியது. கார் கேட்டைத் தாண்டி, லாரியின் மூக்கை உரசாத குறையாகத் தெருவில் போய் விழுந்தது. "டேய் சாவுகிராக்கி!" என்றது லாரி. கண்ணாடியில் பார்த்தேன், குடை துரத்திக்கொண்டு வந்தது. நிறுத்துவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

லஸ் முனையில் ஒரு ஆட்டோக்காரர் என் பனியனை மேலும் கீழும் பார்த்தார். மந்தைவெளியில் சிக்னல். நிறுத்தினால் அணைத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம், பெட்ரோல் மிச்சம். கை பழக்கப்படி சாவிக்குப் போனது. இங்கே அணைத்தால் லுங்கியோடு நடுரோட்டில் இறங்கித் தள்ள வேண்டும் என்ற நினைப்பு வந்து கையை நானே தட்டிவிட்டேன். அடையாறு பாலம் வருவதற்குள் என்னவோ மாறிவிட்டது. புகை நின்றிருந்தது. உதறல் நின்றிருந்தது. மிதிக்க மிதிக்க எஞ்சின் சுருதிப்பெட்டி மாதிரி ஒரே சீராக இழுத்துக்கொண்டு மேலே மேலே போனது. ஆறு வழக்கம்போல நாறியது. அவ்வளவு நாற்றத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் முகர்ந்ததில்லை.

பாலத்தைத் தாண்டியதும் ஒரு போக்குவரத்துக் காவலர் கை காட்டினார்.

"இன்னா சார் சத்தம் இது? ஆஃப் பண்ணு மொதல்ல."

சீருடைக்கு முன்னால் என் கை கேட்க வேண்டுமா? அணைத்துவிட்டது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சைலன்ஸரைப் பற்றியும் என் உடையைப் பற்றியும் பேசிய அத்தனையும் நியாயம். கடைசியில், "எடு, கெளம்பு" என்றார். எப்படியும் கிளம்பப் போவதில்லை என்று அழாத குறையாகச் சாவியைத் திருப்பினேன்.

அரைச் சுற்றில் கிளம்பியது.

நம்ப முடியாமல் அணைத்தேன். திருப்பினேன். கிளம்பியது. மறுபடி அணைத்தேன்.

"வெளையாடுறியா?" என்றார் காவலர்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, சூடாகும் முன்னே அணைத்தால், குடித்த பெட்ரோலை எரிக்க முடியாமல் அதிலேயே முழுகிவிடும். சூடேறிய பிறகு நூறு தடவை அணைக்கலாம். அதற்கு வியாதியே கிடையாது. வியாதி "ஆஃப் பண்ணும் ஓய்!" என்ற குரலும், அதைக் கேட்டதும் ஓடுகிற என் கையும். நாங்கள் பிரித்துப் போட்டுப் பார்த்ததெல்லாம் எஞ்சினைத்தான்.

திரும்பி வந்தபோது சம்ப் நிரம்பி லாரி போயிருந்தது. செயலாளர் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் மெக்கானிக், ஏழு வீட்டுக் குடங்கள்.

"தன் கால்ல நகர்ந்துதா இல்லையா?" என்றேன், ஜன்னல் வழியாக.

"தெருவில எல்லாரையும் கொல்லப் பார்த்துதே, அதைச் சொல்றீரா? முதல்ல ஆஃப் பண்ணும்!"

"மாட்டேன்."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. எஞ்சின் சூடாகத்தான் இருந்தது, தாராளமாக அணைக்கலாம். அணைக்கவில்லை. அவர் கேட்டை விட்டு நகரும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது.

காயலான் கடைக்காரன் வரவில்லை. ஆனால் புது ஏற்பாடு ஒன்று வந்தது. லாரி வந்தால் நான் காரை எடுத்துக்கொண்டு அடையாறு வரை போய் வர வேண்டும். "வாரத்துக்கு ரெண்டு தடவை அந்த ஆளை ஆத்தை விட்டே விரட்டறேன்" என்று செயலாளர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார். மெக்கானிக், "நான்தான் சரி பண்ணேன்னு சொல்லு சார், இல்லாங்காட்டி இன்னும் ரெண்டு ஸ்குரூ உன் வண்டில லூசா கீது" என்று மிரட்டி, அப்படியே சொல்ல வைத்தார்.

ஒரு நாள் லாரி வந்து, நான் எஞ்சினைக் கிளப்பிப் புகையோடு புறப்படுகிற நேரம். குழாயடியில் என் மனைவிக்கும் செயலாளரின் மனைவிக்கும் ஏதோ வார்த்தை முற்றியது. "கிரைண்டர்காரன் பெண்டாட்டிக்கு எத்தனை குடம்தான் வேணுமாம்?" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. அடுத்த நொடி இடப்பக்கக் கதவு திறந்து, என் மனைவி ஈரக் கையோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"அன்னிக்குக் கை தூக்கினேன், ஆமாம். தண்ணி வரலைன்னா நாளைக்கும் தூக்குவேன்" என்றாள், நான் எதுவும் கேட்காமலேயே. பிறகு கண்ணாடிக்கு அந்தப்பக்கம், குழாயடியில் இடுப்பில் குடத்தோடு நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, இது கண்ணடிக்குமே, அது எந்த ஸ்விட்ச்?"